தெரியாவிட்டால் நின்றுவிடு

போன டிசம்பர் இரண்டாம் வாரம். காலை ஆறே கால் மணி இருக்கும். காபி டம்ளரைக் கையில் எடுத்த நேரத்தில் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "தங்கள் ஆயுள் சான்று இதுவரை பதிவாகவில்லை. உடனே வங்கியை அணுகாவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தப்படும்." அனுப்பியிருந்தது நான் உறுப்பினராக இருக்கும் ஓய்வூதியர் சங்கம்.

நவம்பர் முதல் வாரத்திலேயே சான்று கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். இருந்தும் வயிற்றைக் கலக்கியது. எழுந்து போய்ச் சீட்டை எடுத்துப் பார்த்த பிறகுதான் காபி உள்ளே இறங்கியது. அதற்குள் அதே செய்தி இன்னும் மூன்று முறை வந்துவிட்டது.

எனக்காவது சீட்டு எங்கே இருக்கிறது என்று தெரியும். அடுத்த தெருவில் இருக்கும் ஒரு பெரியவருக்கு 81 வயது. மனைவி காலமாகி ஆறு வருடம். பிள்ளைகள் வெளியூரில். அவர் எட்டரை மணிக்கே ஆட்டோ பிடித்து வங்கி வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். பத்து மணிக்குக் கதவு திறந்தது. "எல்லாம் சரியாக இருக்கிறது, போங்கள் ஐயா" என்று சொல்லி அனுப்பினார்கள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாளும் போனார்.

மதியம் சங்கத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது: "காலையில் தவறுதலாக வந்த செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம்." அவ்வளவுதான். யார் தவறு, என்ன தவறு, ஒன்றும் இல்லை.

நான் ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் வேலை பார்த்தவன் என்பது செயலாளருக்குத் தெரியும். "சார், மென்பொருள் எழுதிக் கொடுத்த பையன் வருகிறான். அவன் பேசுவது எங்களுக்குப் புரியவில்லை. கொஞ்சம் கூட உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்தேன். அன்று பார்த்ததைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன். கோபம் அந்தப் பையன் மேல் இல்லை. அவன் கற்றுக்கொண்ட பழக்கத்தின் மேல்.

நடந்தது இதுதான். சங்கத்தின் மென்பொருள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. நோட் என்ற தளத்தில் ஓடுகிறது. அதற்கு இரண்டு பிரதிகள். ஒன்று நிஜமாகப் புழக்கத்தில் இருப்பது. மற்றது ஒத்திகை பார்ப்பதற்கு. ஒத்திகைப் பிரதியில் யாரோ ஒருவர் நினைவூட்டல் வசதியைச் சோதித்துப் பார்த்தார். ஒத்திகை என்றுதான் நினைத்து நான்கு முறை பொத்தானை அழுத்தினார். நிஜமான ஆட்களுக்கு நிஜமான செய்தி போய்விட்டது.

எப்படிப் போனது என்று கேட்டேன். பையன் நிரலைத் திறந்து காட்டினான். அதில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: "சூழலின் பெயர் டெவலப்மென்ட் என்றால் செய்தி அனுப்பாதே, திரையில் மட்டும் காட்டு. டெஸ்ட் என்றாலும் அப்படியே செய். இல்லாவிட்டால், செய்தியை அனுப்பு."

ஒத்திகை இயந்திரத்தை அமைத்தவர் அதற்கு "ஸ்டேஜிங்" என்று பெயர் வைத்திருந்தார். அதுவும் ஒத்திகையைக் குறிக்கும் வழக்கமான பெயர்தான். ஆனால் நிரலுக்கு இரண்டே பெயர்கள்தான் தெரியும். மூன்றாவதாக ஒரு பெயரைப் பார்த்ததும் "இல்லாவிட்டால்" என்ற பள்ளத்தில் விழுந்தது. அங்கே நிஜக் குறுஞ்செய்தி நிறுவனத்தின் சாவி நிரலுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஒத்திகைக்கு வைத்திருந்த உறுப்பினர் பட்டியலும் நிஜப் பட்டியலின் நகல். அப்புறம் என்ன, 81 வயதுக்காரர் ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான்.

"சார், பெயரைத் தப்பாக வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரையும் ஒரு வரி சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்" என்றான் பையன்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. "தம்பி, அடுத்த மாதம் இன்னொருவர் நான்காவது பெயர் வைப்பார். அப்போது யார் ஆட்டோ பிடிப்பது?" என்று கேட்டேன்.

என் கட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிரல் "நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்கவே கூடாது. "எனக்கு என்னென்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்க வேண்டும். கேட்டது கிடைக்காவிட்டால் ஊகிக்கக் கூடாது. நின்றுவிட வேண்டும்.

கல்யாணச் சமையல்காரரை நினைத்துப் பாருங்கள். நூறு மண்டபத்தில் சமைக்கிறார். சாம்பாரின் அளவு அவர் கைக்குள் இருக்கிறது. அது எங்கேயும் மாறாது. தண்ணீர் எந்தத் தொட்டியில், கேஸ் எந்த மூலையில், பந்தி எத்தனை மணிக்கு என்பதை மண்டபத்து மேலாளர் சொல்கிறார். சமையல்காரர் தன் செய்முறை நோட்டில் "இந்த மண்டபம் என்றால் இடது பக்கக் குழாய், அந்த மண்டபம் என்றால் கிணறு, இல்லாவிட்டால் கண்ணில் படும் தொட்டி" என்று எழுதி வைத்திருப்பாரா? அப்படி எழுதி வைத்தவரை நீங்கள் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவீர்களா? தண்ணீர் எது என்று யாரும் சொல்லாவிட்டால் நல்ல சமையல்காரர் அடுப்பைப் பற்ற வைக்க மாட்டார். ஆள் அனுப்பிக் கேட்பார்.

இது புதிய ஞானம் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஐபிஎம் 370 வகை இயந்திரத்தில் நாங்கள் கோபால் மொழியில் சம்பளக் கணக்கு எழுதினோம். அந்த நிரலுக்குள் எந்த நாடா, எந்த வட்டு என்று எழுத மாட்டோம். "ஊதியக் கோப்பு" என்று ஒரு பெயர் மட்டும் இருக்கும். அந்தப் பெயர் எந்த நிஜக் கோப்பைக் குறிக்கிறது என்பதை வேலையோடு கூட வரும் டிடி அட்டை சொல்லும். ஒத்திகைக்கு ஓர் அட்டை, மாதச் சம்பளத்துக்கு வேறோர் அட்டை. நிரலில் ஓர் எழுத்து மாறாது. அட்டையை வைக்க மறந்துவிட்டால் கோப்பு திறக்காது. வேலை பாதியில் நின்று ஆபரேட்டர் நம்மைத் திட்டுவார். அறுபதுகளில் ஐபிஎம் 360 வந்தபோதே இந்த ஏற்பாடு இருந்தது.

நாங்கள் தவறே செய்யாத உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒருமுறை நானே ஒத்திகை வேலைக்கு மாதச் சம்பளத்தின் அட்டையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, இரவு முழுக்க உட்கார்ந்து பழைய நாடாவிலிருந்து கோப்பை மீட்டிருக்கிறேன். ஆனால் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்தான் ஆனது. ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தால் போதும். அந்தப் பையனோ இந்த "இல்லாவிட்டால்" எங்கெங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தான். பதினேழு கோப்புகளில் இருந்தது.

இப்போது ஜாவாஸ்கிரிப்டின் கதைக்கு வருகிறேன். பொறுமையாகப் படியுங்கள், கடினம் ஒன்றும் இல்லை.

1979ல் வந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பிலிருந்து "சூழல் மாறிகள்" என்ற வசதி இருக்கிறது. ஒரு நிரலைத் தொடங்கும்போது வெளியிலிருந்து "இதன் மதிப்பு இது" என்று சில துண்டுச் சீட்டுகளைக் கையில் கொடுத்து அனுப்பலாம். எங்கள் டிடி அட்டைக்குத் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2009ல் ரையன் டால் நோட் தளத்தைக் கொண்டுவந்தபோது இந்தச் சீட்டுகளைப் படிக்க அதிலும் வழி இருந்தது. அதுவரை நல்லது.

பிறகு எக்ஸ்பிரஸ் என்ற கட்டமைப்பு "நோட் என்வ்" என்று ஒரு சீட்டைப் பரப்பியது. அதில் "புரொடக்‌ஷன்" என்று எழுதியிருந்தால் எக்ஸ்பிரஸ் பக்க வார்ப்புகளை நினைவில் வைத்துக்கொண்டு வேகமாக ஓடும். பிழைச் செய்திகளைச் சுருக்கிக்கொள்ளும். ரியாக்ட் நூலகம் எச்சரிக்கைகளை விட்டுவிடும். என்பிஎம் கருவி, எழுதுபவருக்கு மட்டும் தேவைப்படும் பொதிகளை நிறுவாது. அதாவது அந்தச் சீட்டின் அர்த்தம் "வேகமாக ஓடு, வளவளவென்று பேசாதே" என்பதுதான்.

நம் பையன்கள் அதை முகவரிச் சீட்டாக மாற்றிவிட்டார்கள். தரவுத்தளம் எது, பணம் வாங்கும் வாசல் எது, குறுஞ்செய்தி போகலாமா கூடாதா எல்லாவற்றையும் அந்த ஒற்றைச் சொல்லை வைத்து முடிவு செய்ய ஆரம்பித்தார்கள். அதன் விளைவு இரட்டைத் தலைவலி. ஒத்திகை இயந்திரத்தில் "புரொடக்‌ஷன்" என்று எழுதினால் நிஜச் சாவிகள் வந்துவிடும். வேறு பெயர் எழுதினால் நூலகங்கள் வேறு விதமாக ஓடும். நாம் ஒத்திகை பார்ப்பது ஒன்று, மேடையேறுவது வேறொன்று. இதையெல்லாம் நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. நோட் தளத்தின் சொந்தக் கையேடே இப்படிச் சூழல் பெயரை வைத்து நடத்தையை மாற்றுவது தவறான வழக்கம் என்று எழுதியிருக்கிறது. 2011ல் ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஆடம் விக்கின்ஸ் எழுதிய "பன்னிரண்டு காரணிகள்" என்ற கட்டுரைத் தொகுப்பின் மூன்றாவது காரணி இதுதான்: அமைப்பு மதிப்புகளை நிரலுக்கு வெளியே வை, "டெவலப்மென்ட்", "டெஸ்ட்" என்று மூட்டை கட்டாதே, ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியாகக் கொடு. மூட்டை கட்டினால் ஆளுக்கொரு ஒத்திகை இயந்திரம் வரும்போது மூட்டைகள் பெருகி நாறிவிடும் என்றும் அதிலேயே காரணம் சொல்லியிருக்கிறார். சங்கத்தில் நடந்தது அச்சு அசலாக அதேதான்.

இரண்டாவது பழக்கம் இன்னும் மோசம். ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு செங்குத்துக் கோடுகள் போட்டால் "இது இல்லையென்றால் அது" என்று பொருள். "வெளியிலிருந்து தரவுத்தள முகவரி கொடுத்திருந்தால் அதை எடு, இல்லையென்றால் இதோ நானே ஒன்று வைத்திருக்கிறேன்." எழுதும்போது உதவி மாதிரித்தான் தெரியும். சீட்டின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை வந்தாலும் நிரல் முணுமுணுக்காமல் ஓடும். எங்கேயோ ஓடும்.

மூன்றாவது, இந்தச் சீட்டுகளில் வருவதெல்லாம் வெறும் எழுத்துகள். "குறுஞ்செய்தி அனுப்பலாமா?" என்ற சீட்டில் "ஃபால்ஸ்", அதாவது "இல்லை" என்று எழுதி அனுப்புகிறோம். ஜாவாஸ்கிரிப்ட் பார்க்கிறது: சீட்டு காலியாக இல்லை, ஏதோ எழுதியிருக்கிறது, அப்படியானால் "ஆம்". "இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் "ஆம்" என்று எடுத்துக்கொள்ளும் வேலைக்காரனை என்ன சொல்வது! பூஜ்யம் என்று எழுதினாலும் ஆம்தான். படிக்கும் இடத்தில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் இந்தக் குழியில் விழாதவர் கிடையாது.

நான்காவது, நாம் பார்க்கும் திரைப் பக்கம். அது உங்கள் கைபேசியின் உலாவியில் ஓடுகிறது. அங்கே சூழல் சீட்டு என்று எதுவும் இல்லை. எனவே பக்கத்தைக் கட்டும் கருவி, கட்டும்போதே மதிப்பை உள்ளே வைத்துப் பூசிவிடுகிறது. ஒத்திகைக்கு ஒரு முறை, நிஜத்துக்கு ஒரு முறை என்று தனித்தனியாகக் கட்டுகிறார்கள். சோதித்துப் பார்த்தது ஒரு கட்டடம், குடிபோவது வேறு கட்டடம். இன்னொன்று, அப்படிப் பூசியது எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. "விட்" கருவியும் பழைய "கிரியேட் ரியாக்ட் ஆப்" கருவியும், பெயருக்கு முன்னால் ஒரு குறிப்பிட்ட அடைமொழி இருந்தால்தான் அந்த மதிப்பை உள்ளே சேர்க்கும். அது ஒரு காவல். "வேலை செய்யவில்லையே" என்று ரகசியச் சாவிக்கும் அந்த அடைமொழியைச் சூட்டி வேலை செய்ய வைத்துவிடுகிறார்கள். வீட்டுச் சாவியை வாசல் கோலத்தில் வைப்பது போல.

இதையெல்லாம் சொன்னபோது பையன் எதிர்வாதம் செய்யாமல் இல்லை. நல்ல பையன், யோசிப்பவன். "சார், இது சின்ன மென்பொருள். புதிதாக வேலைக்குச் சேருகிறவன் முதல் நாளே ஓட்டிப் பார்க்க வேண்டாமா? எல்லாச் சீட்டும் இருந்தால்தான் தொடங்கும் என்றால் அரை நாள் அதிலேயே போய்விடுமே" என்றான்.

நியாயமான கேள்வி. எல்லா ஊகமும் தவறு என்று நான் சொல்லவில்லை. எந்த வாசல் எண்ணில் ஓட வேண்டும், பக்கத்துக்கு எத்தனை வரி, இதற்கெல்லாம் நிரல் ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளட்டும். அளவுகோல் ஒன்றுதான்: அந்த ஊகம் தப்பாகப் போனால் யார் அவஸ்தைப்படுவது? எழுதியவன் தன் மேசையில் அவஸ்தைப்பட்டால் பரவாயில்லை, திருத்திக்கொள்வான். முகம் தெரியாத யாரோ ஒருவர் படுவார் என்றால் ஊகிக்க அவனுக்கு உரிமை இல்லை. புதியவனின் அரை நாளையும் அந்தப் பெரியவரின் இரண்டு நாளையும் தராசில் வைத்துப் பார் என்றேன். அவன் பதில் சொல்லவில்லை.

அவன் சொன்ன இன்னொன்றையும் ஒப்புக்கொண்டேன். சூழல் சீட்டும் இரும்புப் பெட்டி அல்ல. ஒரு நிரல் இன்னொரு நிரலைத் தொடங்கினால் சீட்டுகளும் கூடவே போகும். பிழைப் பதிவேட்டில் மொத்தமாகக் கொட்டிவிடும் ஆட்களும் உண்டு. பெரிய இடங்களில் ரகசியங்களுக்கென்று தனிப் பெட்டகம் வைப்பது அதனால்தான். அது அடுத்த படி. நாம் இன்னும் முதல் படியே ஏறவில்லை.

கடைசியில் அவனே உட்கார்ந்து சரி செய்தான். ஒரே ஒரு கோப்பு. அது மட்டும்தான் சீட்டுகளைப் படிக்கும். தேவையான எல்லாம் இருக்கின்றனவா, எண் என்றால் எண்தானா, ஆம் இல்லை என்றால் சரியாக அந்தச் சொல்தானா என்று தொடக்கத்திலேயே பார்க்கும். ஒன்று குறைந்தாலும் எது குறைகிறது என்று பெயர் சொல்லிவிட்டு நின்றுவிடும். மற்றக் கோப்புகள் இதனிடம்தான் கேட்க வேண்டும். பதினேழு இடத்து "இல்லாவிட்டால்"களும் போயின. நிஜக் குறுஞ்செய்திச் சாவி நிரலிலிருந்து நீக்கப்பட்டது. அங்கே இத்தனை நாள் கிடந்த சாவி பழைய பிரதிகளிலும் இருக்கும் என்பதால் அதை ரத்து செய்து புதுச் சாவி வாங்கினார்கள். ஒத்திகை இயந்திரத்துக்கு நிஜச் சாவி கொடுப்பதே இல்லை. இல்லாத சாவியால் கதவைத் திறக்க முடியாது. ஒத்திகைப் பட்டியலில் நிஜ எண்களும் கிடையாது. மொத்தம் நாற்பது வரிகூட இருக்காது. ஒரு பிற்பகல் வேலை.

மறுநாள் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், நீங்கள் சொல்லி ஏதோ மாற்றினார்கள், இப்போது தொடங்கவே மாட்டேன் என்கிறதே! ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அது இல்லை என்கிறது." எனக்குச் சிரிப்பு வந்தது. "நல்லது. அது கேட்பதைக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றேன். பத்து நிமிடத்தில் ஓடியது. அன்று யாருக்கும் தப்பான செய்தி போகவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். நிரல் எழுதப் போவதில்லை. ஆனால் குடியிருப்போர் சங்கம், கோயில் கமிட்டி, கூட்டுறவுச் சங்கம் என்று ஏதாவது ஒன்றில் பொறுப்பில் இருப்பீர்கள். இப்போது எல்லாவற்றிலும் ஒரு மென்பொருள் இருக்கிறது. அதற்குப் பணம் கொடுக்கும் காசோலையில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒத்திகைப் பிரதியில் எங்கள் உறுப்பினர்களின் நிஜத் தொலைபேசி எண்கள் இருக்கின்றனவா? ஓர் அமைப்பு மதிப்பு விட்டுப்போனால் உங்கள் மென்பொருள் நிற்குமா, ஊகிக்குமா? எங்கள் சாவிகள் நிரலுக்குள் எழுதப்பட்டிருக்கின்றனவா, வெளியிலிருந்து வருகின்றனவா? பதில் புரியாவிட்டாலும் கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்கிறோம் சார்" என்று சிரித்தால் அதுவே பதில்.

போன வாரம் அந்தப் பெரியவரைப் பூங்காவில் பார்த்தேன். நடந்ததையெல்லாம் விளக்கினேன். ஜாவாஸ்கிரிப்ட், சூழல், சீட்டு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்படியானால் அடுத்த டிசம்பரில் செய்தி வந்தால் நான் நம்பலாமா, கூடாதா?"

நம்பலாம் என்று சொல்லியிருக்கிறேன். பையன் அந்த நாற்பது வரியை அழிக்காமல் இருக்க வேண்டும்.